மருத்துவமனை இருந்த இடம்

சூடான் போரைப் பற்றிச் செய்தி சேகரிக்க இரண்டாவது முறை போயிருந்தபோதுதான் அவளைப் பார்த்தேன். கார்த்தூமுக்கு எதிர்க்கரையில் ஒரு சின்ன மருத்துவமனை. குண்டடி பட்டவர்களை வராந்தாவில் பாய் விரித்துக் கிடத்தியிருந்தார்கள். நானும் ஒளிப்பதிவாளரும் இந்தியில் பேசிக்கொண்டதைக் கேட்டு ஒரு நர்ஸ் திரும்பினாள். தில்லியா என்று கேட்டாள். நான் தமிழ் என்று தெரிந்ததும் வாய்விட்டுச் சிரித்தாள். அவளும் தமிழ்தான்; மோதி பாக் அரசுக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவளாம். நான் குடியிருப்பது முனிர்காவில். தில்லியில் நாங்கள் ஒரே பஸ்ஸில் நின்றிருக்கக்கூடும்.

“அக்கா, ஜல்தி கேளுங்க. உள்ளே ஆபரேஷன் இருக்கு” என்றாள், கேமராவைப் பொருத்துவதற்குள்.

மற்ற இந்தியர்களோடு ஏன் கிளம்பவில்லை என்று கேட்டேன்.

“அந்த பஸ்ல இடம் இல்ல. அப்புறம் ரோடே இல்ல. எங்க போறது?”

“பயமா இல்லையா?”

“இருக்கு. மயக்க மருந்து தீர்ந்துபோச்சு அக்கா. இப்போ அதான் பெரிய பயம்.”

உள்ளேயிருந்து யாரோ அரபியில் கூப்பிட்டார்கள். கையைத் துடைத்துக்கொண்டே ஓடினாள்.

நான் தில்லி திரும்பிய வாரத்தில் அந்த மருத்துவமனையின் மேல் குண்டு விழுந்தது. அவளுடைய போன் அதோடு நின்றுபோயிற்று. எங்கள் சேனலில் அவள் பேசியதைச் சில நொடிகள், மேலே இந்திக் குரல் ஓட்டிக் காட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு அவள் அம்மா என் நம்பரைத் தேடிப் பிடித்தார்.

“மக்ளே, அவ பேசினது முழுசும் உங்கிட்ட உண்டுமா?”

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள். அப்பாவுக்கு லோதி ரோட்டில் மத்திய அரசு வேலை. அம்மாவும் நர்ஸ்தான். மகளின் குரலைக் கேட்டபடி நேராக உட்கார்ந்திருந்தவர், மயக்க மருந்து தீர்ந்துவிட்டது என்று அவள் சொன்ன இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

“அப்போ மயக்கம் குடுக்காமலா அறுத்தாவ? எம் பிள்ள அதுக்கா பக்கத்துல நின்னா?”

அப்பா வேறொன்று கேட்டார். “தமிழ்னு தெரிஞ்சதும் சிரிச்சான்னு சொன்னியே, அதைப் போடு மக்ளே.”

அது கேமரா ஓடுவதற்கு முன்னால் நடந்தது. இல்லை என்று சொன்னேன். பிறகும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சண்டை அந்தப் பகுதியைவிட்டு நகர்ந்த பிறகு மறுபடி போனேன். மருத்துவமனை இருந்த இடத்தைப் புல்டோசரால் நிரவியிருந்தார்கள். கல்லும் கம்பியும் ஓரமாகக் குவிந்து கிடந்தன. எதிரே டீ விற்ற பெண், செத்தவர்களையெல்லாம் பக்கத்துப் பள்ளி மைதானத்தில் ஒன்றாகப் புதைத்தார்கள் என்றாள். அடையாளம் எதுவும் வைக்கவில்லையாம். அதே தெருவில் ஒரு கிழவர், மருத்துவமனை ஆட்களில் சிலரை ஆயுதக்காரர்கள் உயிரோடு லாரியில் ஏற்றிப் போனார்கள், ஒரு வெளிநாட்டுப் பெண்ணும் அதில் இருந்தாள் என்றார். தெருத் தெருவாக விசாரித்தேன். இரண்டில் எது உண்மை என்று சொல்ல ஆள் கிடைக்கவில்லை.

கேட்டதை அப்படியே மோதி பாக்கில் வந்து சொன்னேன். அம்மா மைதானத்தை நம்பினார். அப்பா லாரியை நம்பினார். அதன்பின் அந்த வீட்டில் இருவரும் சேர்ந்து பேச எதுவும் மிஞ்சவில்லை.

அம்மா சர்ச்சில் நினைவு ஆராதனைக்கு ஏற்பாடு செய்தார். இறந்த நாள் எது என்று போதகர் கேட்டபோது, குண்டு விழுந்த நாளைச் சொன்னார். அப்பா வரவில்லை. “உயிரோட இருக்கிற பிள்ளைக்கு என்ன ஆராதனை? உனக்குப் பைத்தியமா?” என்று காலையில் கத்தினாராம். ஆராதனை முடிந்து, வந்தவர்கள் அம்மாவின் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். அவர் யாரிடமும் அழவில்லை.

இப்போது சேனல் வேறொரு போருக்கு என்னை அனுப்புகிறது. சூடானுக்கு அனுப்புங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். அதை இனி யாரும் பார்க்கமாட்டார்கள் என்றார் செய்தி ஆசிரியர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அப்பா போன் செய்வார்.

“ஏதாவது உண்டுமா மக்ளே?”

“இல்ல அங்கிள்.”

“லாரி எந்தப் பக்கம் போச்சுன்னு அந்தக் கிழவர் சொன்னாரு?”

வடக்கே என்று முன்பே சொல்லியிருக்கிறேன். மறுபடியும் சொல்கிறேன்.