மூன்று முறை பலம் இழந்த காந்தம்

எங்கள் வீட்டு எஞ்சினுக்கு வந்த நோய்க்கு நான்தான் காரணம் என்று ஒரு மழைக்காலம் முழுவதும் நம்பிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில் அப்பா மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கும் மிஷின் வைத்திருந்தார். அதை ஓட்டிய மண்ணெண்ணெய் எஞ்சின் எந்தக் காலத்திலோ சீமையிலிருந்து வந்தது. சண்டையால் அதற்குச் சாமான் எதுவும் கிடைக்காது. அதைச் சீராட்டி ஓடவைப்பது சித்தப்பாவின் வேலை. அப்பாவுக்கு ஒரே தம்பி, கல்யாணம் ஆகாதவர், என்னைச் செல்லம் கொடுத்துக் கெடுத்தவர் என்று அம்மாவிடம் பெயர் வாங்கியவர்.

அந்த எஞ்சினுக்கு பாட்டரி கிடையாது. அதன் விலாவில் ஒட்டிக்கொண்டிருந்த மேக்னெட்டோதான் நெருப்பைத் தந்தது. உள்ளே லாடம் மாதிரி ஒரு காந்தம், அதன் இரண்டு கால்களுக்கு நடுவே செப்புக் கம்பி சுற்றிய உருளை. கைப்பிடியைச் சுற்றினால் உருளை சுழன்று கம்பியில் மின்சாரம் பிறக்கும். சரியான நொடியில் இரண்டு சின்ன முனைகள் ஒன்றை விட்டு ஒன்று விலக, பிளக்கில் பொறி பறக்கும். காந்தம் சோர்ந்தால் பொறியும் இல்லை, மல்லாட்டைப் பருப்பும் இல்லை.

அந்த ஐப்பசியில் எஞ்சின் இருமத் தொடங்கியது. சித்தப்பா மேக்னெட்டோவைப் பிரித்து, முனைகளைத் தேய்த்து, ஈரம் ஏறிய உருளையை வெயிலில் காயவைத்தார். காந்தத்தைப் பலகையில் கிடத்தி, அதன் இரண்டு கால்களையும் சேர்த்தாற்போல் ஒரு இரும்புத் துண்டை ஒட்டவைத்தார்.

“இந்த இரும்ப மட்டும் யாரும் எடுத்துடாதீங்க. எடுத்தா காந்தம் சோர்ந்து பூடும்” என்று வீட்டையே கூட்டிச் சொன்னார்.

அன்றைக்குப் பார்த்து அம்மாவின் மூக்குத்தித் திருகு வாசல் மணலில் விழுந்து தொலைந்தது. காந்தம் இருக்கக் கவலை என்ன என்று நினைத்தேன். தங்கத்தைக் காந்தம் இழுக்காது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. மத்தியானம் எல்லோரும் அசந்த நேரம் இரும்புத் துண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, காந்தத்தை மணலில் இழுத்துக்கொண்டு திரிந்தேன். கறுப்பு மணல் தாடி தாடியாக ஒட்டிக்கொண்டு வந்தது. திருகு வரவில்லை. அம்மா கூப்பிட்ட குரலில் பயந்து காந்தத்தைத் துவைக்கிற கல்லின் மேல் போட்டேன். பிறகு துடைத்து, இரும்பையும் தேடி ஒட்டி, ஒன்றும் தெரியாதவள் போல் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் சித்தப்பா எல்லாவற்றையும் பூட்டிச் சுற்றினார். பொறி வரவில்லை. மறுபடி பிரித்துப் பார்த்தார். இரண்டு வீசை இரும்புப் படிக்கல்லை அநாயாசமாகத் தூக்குகிற காந்தம், ஒரு வீசைக்கே நழுவவிட்டது. அதன் இடுக்கில் கறுப்பு மணல் இருந்தது. சித்தப்பா மணலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்பாவிடம் திரும்பினார்.

“வயசாயிடுச்சிண்ணே. விழுப்புரம் எடுத்துக்கினு போயி சார்ஜ் ஏத்திக்கினு வந்துடறேன்.”

அப்பா நம்பினார். நானும் கூடப் போனேன். பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரி அடுப்பு வைத்து ஓட்டிய கரி பஸ் விக்கிரவாண்டியில் நின்று அடுப்பைக் கிளறிவிட்டுப் புறப்பட்டது. விழுப்புரத்தில் சித்தப்பாவுக்குத் தெரிந்த பஸ் ஷெட் மேஸ்திரி, காந்தத்தின் கால்களில் தடித்த கம்பியைச் சுற்றினார். அவருடைய மகள் திசைகாட்டியை வைத்து, எது வடக்கு எது தெற்கு என்று சுண்ணாம்புக் கட்டியால் குறித்தாள். வரிசையாக நிறுத்திய லாரி பாட்டரிகளில் அந்தக் கம்பியின் முனையைத் தொட்டுத் தொட்டு எடுத்தார்கள். கண்மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்தது. அப்புறம் மேஸ்திரி வீட்டில் காபி குடித்தோம். காபிக்கு மட்டும் சாயங்காலம் வரை ஆயிற்று.

எஞ்சின் ஓடியது. பத்து நாள் கழித்து, முனைகளைச் சுத்தம் செய்கிறேன் என்று சித்தப்பா மேக்னெட்டோவைப் பிரித்தார். காந்தம் மறுபடி சோர்ந்துபோனது. மறுபடி கரி பஸ், மறுபடி காபி. போகும்போது இரும்புத் துண்டு சித்தப்பாவின் சட்டைப் பையில் கனத்துத் தொங்கியது. வரும்போது காந்தத்தில் ஒட்டியிருந்தது. பெரியவர்களுக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டேன். நான் கல்லில் போட்டதில் காந்தம் பயந்துவிட்டது, பயந்த குழந்தைக்குத் திரும்பத் திரும்பக் காய்ச்சல் வருவது போல் அதற்கும் வருகிறது என்பது என் தீர்மானம். தெருமுனைப் பிள்ளையாரைத் தினமும் பதினோரு சுற்று சுற்ற ஆரம்பித்தேன்.

மூன்றாம் முறையும் காந்தம் சோர்ந்தபோது அப்பாவின் பொறுமை போய்விட்டது. கொட்டகை நிறைய மூட்டைகள். மழை வேறு இருட்டிக்கொண்டு நின்றது.

“எஞ்சின பழைய இரும்புக்காரன்கிட்ட தூக்கிப் போடப்போறேன். நீ வேற ஊர்ல வேல பாத்துக்கோ” என்றார்.

சித்தப்பா இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஓடிப்போய் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, இரும்பைப் பிடுங்கியது, மணல், துவைக்கிற கல் எல்லாவற்றையும் அழுதுகொண்டே ஒப்பித்தேன். அப்பாவின் கை ஓங்கியது. சித்தப்பா குறுக்கே வந்தார். அவர் முகம் செத்துப்போயிருந்தது.

“அவள அடிக்காதண்ணே. மொத தடவதான் அவ. அப்பறம் ரெண்டு தடவையும் நான்தான் வேணும்னே இரும்ப எடுத்துட்டேன்.”

“கொழந்தைய காப்பாத்த பொய் வேற சொல்றியா?” என்றார் அப்பா. ஆனால் கை இறங்கிவிட்டது. பொய்யை நம்பிய அப்பா உண்மையை நம்பவில்லை. நானும்தான் நம்பவில்லை. எனக்காகப் பழியை ஏற்கிற இப்படி ஒரு சித்தப்பா யாருக்குக் கிடைப்பார் என்று இன்னும் அதிகமாக அழுதேன்.

இந்த முறை அப்பாவும் விழுப்புரம் வந்தார். காந்தத்துக்குப் பலம் ஏற்றுவதை அவர் பார்க்கவே இல்லை. சுண்ணாம்புக் கட்டியோடு நின்ற பெண்ணையும், திசைகாட்டியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்த சித்தப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். காபி குடிக்கும்போது மேஸ்திரியிடம் ஊர், உறவு எல்லாம் விசாரித்தார். பஸ்ஸில் திரும்பும்போது அவருக்குக் கோபமே இல்லை. தனக்குள் சிரித்துக்கொண்டு வந்தார்.

தை மாதம் மேஸ்திரி மகள் எங்களுக்குச் சித்தியாக வந்தாள். அதன் பிறகு மேக்னெட்டோவை எத்தனை முறை பிரித்துப் பூட்டியும் காந்தம் ஒருநாளும் சோரவில்லை. என் பிரார்த்தனை பலித்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை. பிள்ளையாருக்கு நன்றி சொல்லச் சித்தியையும் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். எதற்காகச் சுற்றுகிறோம் என்று கேட்டாள். முழுக்கதையையும் சொன்னேன். சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து, “கவலப்படாதீங்க சித்தி, காந்தம் இப்ப நல்லா ஆயிடுச்சி” என்று தேற்றினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள், மீதி ஒன்பது சுற்றையும் என் கூடவே சுற்றினாள்.