கொடி ஏறாத அடி

கினுயோ அந்தப் பயிற்சிக்கூடத்தில் முதன்முதலாகக் கால் வைத்ததே சண்டை போடத்தான்.

யவதஹாமா துறைமுகத்திலிருந்து மேலே ஏறும் சந்தில் அவளும் கணவர் இசாமுவும் மீன்வடைக் கடை வைத்திருந்தார்கள். கடைக்கு நேர் பின்னால் நகராட்சியின் மரத்தரைக் கூடம். செவ்வாயும் வெள்ளியும் மாலையானால் அங்கே வாள் பயிற்சி. மூங்கில் வாள்தான் என்றாலும், அடிக்கிறவர் எங்கே அடிக்கிறாரோ அந்த இடத்தின் பெயரை அடிவயிற்றிலிருந்து கத்தியாக வேண்டும் என்பது அந்தக் கலையின் விதி. தலையில் அடித்தால் "மென்!" மணிக்கட்டில் அடித்தால் "கொதே!" ஒரு கூட்டமே இப்படி அலறும்போது கடை அலமாரியில் சோயா சாஸ் குப்பிகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். கினுயோ வருடக்கணக்கில் பொறுத்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை, தொலைக்காட்சி நாடகத்தில் கதாநாயகி மூன்று மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்த ரகசியத்தைச் சொல்ல வாயைத் திறந்தாள். "மென்!" என்றது பின்சுவர். ரகசியம் போயிற்று. கினுயோ இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் கிளம்பிவிட்டாள்.

"இங்க யாரு பொறுப்பு?"

"நான்தாங்க" என்று எழுந்து வந்தது ஓர் இளம்பெண். பெயர் சிகுசா. பகலில் போலீஸ், மாலையில் இங்கே ஆசிரியை. கினுயோவைவிட இருபது வயதாவது சிறியவள். "வாங்க வாங்க. செருப்ப மட்டும் அங்க விட்டுடுங்க. வாசல்ல ஒருதரம் குனிஞ்சுட்டு வாங்க."

கினுயோ பழக்கதோஷத்தில் குனிந்தாள்.

"அந்தச் சாமி மாடத்தைப் பாத்து ஒண்ணு."

குனிந்தாள்.

"இவங்க எல்லாரும் உங்களுக்காகத்தான் எந்திரிச்சு நிக்கிறாங்க. இவங்களுக்கும் ஒண்ணு."

மூன்று முறை குனிந்து வணங்கிய பிறகு சண்டை பிடிப்பது யவதஹாமாவில் யாராலும் ஆகாத காரியம். கோபம் எங்கோ முதுகு வழியாக இறங்கிப் போய்விட்டது. யாரோ அவள் கையில் ஒரு மூங்கில் வாளைக் கொடுத்தார்கள்.

"ஏப்ரன் எடுப்பா இருக்கே. கவசம் வாங்குற செலவு மிச்சம்" என்றாள் வரிசைக் கடைசியில் நின்ற தொமிகோ. தெருமுனையில் முடிதிருத்தகம் வைத்திருப்பவள்.

"உன் நாக்குக்கு ஒரு கவசம் போடு மொதல்ல" என்றாள் கினுயோ. அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது அவளுக்கு ஐம்பத்தோரு வயது, உள்ளங்கையில் இரண்டு கொப்புளம், வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்ற யோசனை.

மகள் மாச்சி பிறந்த நாளிலிருந்து அவளும் இசாமுவும் ஒருவரையொருவர் 'அப்பா', 'அம்மா' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். இசாமு பேசுகிற ஆள் அல்ல. விடியலில் மீனை அரைப்பார், பிசைவார், அவ்வளவுதான். பொரிப்பதும் விற்பதும் சிரிப்பதும் இரண்டு பேருக்கும் சேர்த்து கினுயோவின் வேலை.

"சண்டைக்குப் போனியே, என்னாச்சு?" என்று கேட்டார்.

"சேந்துட்டேன்."

இசாமு டீக்கோப்பையை எடுத்தார். "அப்ப இனிமே நீயும் கத்துவியா?"

"ஆமா."

"சரி" என்று டீயைக் குடித்தார்.

புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கூடத்தின் சொற்கள் வேடிக்கையாக இருக்கும். எல்லாம் வீட்டில் புழங்குகிற சொற்கள்தான். ஆனால் அங்கே இஸ்திரி போட்டது போல விறைத்து நிற்கும். 'ஹஜிமே' என்றால் தொடங்கு. 'யாமே' என்றால் நிறுத்து. 'ரே' என்றால் வணங்கு. கினுயோ அவற்றை அப்படியே கடைக்குக் கொண்டுவந்துவிட்டாள். எண்ணெய் காய்ந்ததும் "ஹஜிமே!" என்பாள். மதிய உணவுக்கு முன்னால் இசாமு ஊறுகாய்த் துண்டைத் திருட்டுத்தனமாக எடுத்தால் "யாமே!" என்பாள். வாடிக்கையாளர்களுக்கு ஒரே கொண்டாட்டம். வடை வாங்க வந்த படகுக்காரர்கள் வேண்டுமென்றே விறைப்பாக நின்று "ரே!" என்று குனிந்துவிட்டுப் போவார்கள்.

ஒரு சொல் மட்டும் கடைசிவரை அவளோடு மல்லுக்கட்டியது. 'ஸான்ஷின்'. அடித்த பிறகும் மனம் அடித்த இடத்தை விட்டு நகராமல் நிற்பது. அடி விழுந்தாலும் கடந்து போய், திரும்பி, வாளை நீட்டி, எதிராளி மேல் கண்ணை வைத்து நிற்க வேண்டும். அதுவரை அடி முடிந்ததாகவே கணக்கில்லை.

"புரியுதுங்க டீச்சர்" என்றாள் கினுயோ. "கடைசி வடைய எடுத்துட்டோம்னு கொதிக்கிற எண்ணெய்க்கு முதுகைக் காட்டக் கூடாது. அதானே?"

சிகுசாவுக்கு ஒரே சந்தோஷம். "அதேதான்! இத விட நல்லா என்னால சொல்ல முடியாது."

எண்ணெய் விஷயத்தில் கினுயோவிடம் ஒரு குறையும் கிடையாது. சிக்கல் வேறு இடத்தில். அவளுக்குச் சந்தோஷம் வந்தால் உடம்பு கேட்காது. பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டாலும் கைதட்டுவாள். நல்ல மீன் வந்து இறங்கினால் கடைக்குள்ளேயே குதிப்பாள். மாச்சி பள்ளித் தேர்வில் தேறிய அன்று தபால்காரரைக் கட்டிப்பிடித்ததில், அவர் ஒரு மாதம் அந்தச் சந்துக்கே வராமல் வேறு ஆளை அனுப்பினார்.

மூன்றாம் வருட வசந்தத்தில் ஓஸு நகரில் பெண்களுக்கான தொடக்கநிலைப் போட்டி நடந்தது. அதுவரை கினுயோ போட்டிகளில் ஒரு புள்ளிகூட எடுத்ததில்லை. அன்று எதிரே வந்த வங்கிக்காரப் பெண் கண்ணிமைத்த நேரத்தில் கினுயோவின் வாள் அவள் உச்சியில் விழுந்தது. "மென்!" மூன்று நடுவர்கள், கினுயோ பக்கத்துக்கான மூன்று சிவப்புக் கொடிகள், மூன்றும் மேலே. கினுயோ இரண்டு முஷ்டியையும் தூக்கிக்கொண்டு ஒரு குதி குதித்தாள்.

தலைமை நடுவர் மற்ற இருவரையும் நடுவே அழைத்தார். மூவரும் ஏதோ முணுமுணுத்தார்கள். பிறகு கொடிகளைக் கீழே குறுக்கே ஆட்டினார்கள். புள்ளி ரத்து. அடித்துவிட்டுக் கொண்டாடுகிறவரின் மனம் அடியில் நிற்கவில்லை, எதிராளியை மதிக்கவும் இல்லை. ஆகவே அடியே நடக்கவில்லை. விதி அப்படி.

"பூனைக்குக் கைதட்டின மாதிரிதானே தட்டினேன்" என்று உடைமாற்றும் அறையில் கினுயோ புலம்பினாள்.

"தட்டல. குதிச்சே" என்றாள் தொமிகோ. "தரை அதிர்ந்துது. என் போட்டிக்கு நான் நடுங்குறேனா தரை நடுங்குதானு தெரியாமப் போச்சு."

அந்தக் கோடையில் வலது முழங்கால் வீங்கியது. மருத்துவர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்தார். இந்த வருடத்தோடு மண்டியிடுவதும் குந்துவதும் தாவுவதும் நிறுத்தியாக வேண்டும் என்றார். குந்தாமல் ஒரு போட்டியைத் தொடங்கவே முடியாது. ஆக, மிச்சமிருந்தது இலையுதிர்காலத்தில் உவாஜிமாவில் நடக்கும் போட்டி ஒன்றுதான். அங்கே ஒரு புள்ளி. வெற்றிகூட வேண்டாம். ஏறின கொடி இறங்காமல் இருந்தால் போதும். கினுயோ வேறெதுவும் கேட்கவில்லை.

அதற்காக ஊரே அவளுக்குச் சந்தோஷப்படாமல் இருக்கக் கற்றுக்கொடுத்தது. தொமிகோ கடை வாசலில் வந்து நின்று திடீரென்று, "கினுயோ! ஊர் லாட்டரில உனக்கு ஹவாய் டிக்கெட்!" என்று கத்துவாள். கினுயோ கல் போல நின்று, "அப்படியா. நன்றி" என்று வடையைத் திருப்பிப் போட வேண்டும். முதல் வாரம் உதடு துடித்துவிடும். இரண்டாம் வாரம் காது மட்டும் சிவந்தது. செப்டம்பர் முடிவதற்குள் யார் என்ன சொன்னாலும் "அப்படியா. நன்றி" என்பது இரும்புக் கதவு சாத்துவது போல வந்து விழுந்தது.

அப்போதுதான் ஒசாகாவிலிருந்து மாச்சி தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அம்மா... நான் உண்டாயிருக்கேன்."

"அப்படியா" என்றாள் கினுயோ. "நன்றி."

மறுமுனையில் மாச்சி அழுகிற சத்தம். "உனக்குச் சந்தோஷமே இல்லையாம்மா? என் வீட்டுக்காரரைப் பிடிக்கலேன்னா நேரா சொல்லிடு!"

என்ன செய்தோம் என்று கினுயோவுக்கு அப்புறம்தான் உறைத்தது. இசாமு கையைத் துடைத்துக்கொண்டு வந்து தொலைபேசியை வாங்கினார்.

"அழாத. உங்கம்மா பயிற்சியில இருக்கா."

"என்னப்பா பயிற்சி?"

"சந்தோஷப்படாம இருக்க. நவம்பர் வரைக்கும்." கொஞ்சம் திரும்பிப் பார்த்தார். "இப்ப நின்ன இடத்துலயே குதிக்கிறா. முழங்கால் போகப்போகுது. வச்சிடறேன்."

உவாஜிமாவுக்கு அவர்கள் கடை வேனில் போனார்கள். வேன் முழுக்க மீன் வாசனை. பின்னால் கவசப் பை, சிகுசா, தொமிகோ. மலைச்சரிவெல்லாம் ஆரஞ்சு பழுத்து நின்றது. யாரும் அதிகம் பேசவில்லை. தொமிகோவே பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளலாம்.

எதிராளி நினோமியா என்ற ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியை. ஒல்லி, உயரம், வாள் முனை அசையாது. இருவரும் குந்தி எழுந்தார்கள். கினுயோவின் முழங்கால் சொடுக்கிட்டது முன்வரிசைக்குக் கேட்டது.

"ஹஜிமே!"

தொடங்கிய சற்று நேரத்தில் நினோமியா மணிக்கட்டில் ஒன்று வைத்தாள். சுத்தமான அடி. நினோமியாவுக்கான வெள்ளைக் கொடிகள் ஏறின. கினுயோ உள்ளே எதையும் யோசிக்கவில்லை. யோசித்தது ஒன்றே ஒன்றுதான். விழுந்தால் குதிக்காதே. விழுந்தால் குதிக்காதே.

விழுந்தது. நினோமியா மறுபடி மணிக்கட்டுக்கு வந்த கணத்தில் கினுயோ கையை உயர்த்தி ஒதுங்கி, வந்த வேகத்திலேயே உச்சந்தலையில் இறக்கினாள். வாழ்நாளில் அவ்வளவு அழகாக அவள் எதையும் அடித்ததில்லை. கடந்து போனாள், திரும்பினாள், வாளை நீட்டினாள், நின்றாள். தோள் அசையவில்லை, குதிகால் அசையவில்லை. முகமூடிக்குள் முகம்கூட அசையவில்லை.

கொடிகளும் அசையவில்லை.

ஒரு கொடியும் ஏறவில்லை. நடுவர்கள் மூவரும் இன்னும் ஏதோ வரவேண்டியிருப்பது போல அவளையே பார்த்தார்கள். பிறகு ஆட்டம் தொடர்ந்தது, மணி அடித்தது, "யாமே!" கினுயோ தோற்றாள்.

கோட்டுக்கு வெளியே வந்ததும் சிகுசா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "கினுயோக்கா! நீங்க கத்தவே இல்லையே!"

"என்னது?"

"மென்னுனு கத்தணும்ல? வாயே தெறக்கல நீங்க! சத்தமில்லாத அடிக்கு எந்த நடுவர் கொடி தூக்குவார்?"

கினுயோ முகமூடியைக் கழற்றினாள். மூன்று மாதமாக உள்ளே அடக்கி அடக்கி, சந்தோஷத்தோடு சேர்த்துக் குரலையும் பூட்டிவிட்டாள் போல. பின்சுவரில் அலறல் கேட்டுச் சண்டைக்குப் போனவள் அலறாமல் தோற்றாள் என்று தொமிகோ ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கினுயோவின் கவச நாடாவை அவிழ்த்துவிட்டாள்.

அப்போது நினோமியா வந்தாள். கவசத்தை அவிழ்த்து, தலைத்துணியைக் கையில் பிடித்தபடி, கினுயோவுக்கு எதிரே மரத்தரையில் மண்டியிட்டு அமர்ந்தாள். இரண்டு கையையும் தரையில் ஊன்றி நெற்றி தாழ்த்தி, "மாயிரிமாஷிதா" என்றாள். தோற்றேன், என்னை வென்றுவிட்டீர்கள் என்று, நல்ல அடி வாங்கியவர் அடித்தவரிடம் சொல்லும் சொல் அது. பயிற்சியில் அன்றாடம் கேட்பதுதான். போட்டியில் வென்றவர் தோற்றவரிடம் வந்து சொல்லி கினுயோ கேட்டதில்லை.

"கொடி அவங்க பாடு" என்றாள் நினோமியா. "உச்சந்தலை எனக்குத்தானே இருக்கு. இன்னும் கிண்ணுனு இருக்கு, பாருங்க." தலையைத் தடவிக்கொண்டாள். "அதான் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

கினுயோவும் தரையில் கை ஊன்றி வணங்கினாள். "அப்படியா. நன்றி" என்றாள். நினோமியா எழுந்து, தன் ஆட்களைத் தேடிக் கூட்டத்துக்குள் போகும்வரை கல் போல உட்கார்ந்திருந்தாள். முதுகு மறைந்ததும் இரண்டு முஷ்டியையும் தூக்கிக்கொண்டு குதித்தாள்.

ஒரு குதிதான். முழங்கால் அதற்கு மேல் இடம் தரவில்லை.

இசாமு அவளை முதுகில் சுமந்து வேனுக்குக் கொண்டுபோனார். "கூடத்துல குதிக்காம இருக்கத்தானே மூணு மாசம் பயிற்சி எடுத்தே" என்றார். அவருக்கு அது நீண்ட பேச்சு.

"அது போட்டிக்குள்ள. இது வெளிய."

"கொடி ஏறலியே அம்மா."

"ஏறாத கொடிய எவன்பா எறக்குவான்?" என்றாள் கினுயோ அவர் காதோரம். இசாமுவின் முதுகு குலுங்கியது. சிரிக்கிறாரா, மூச்சு வாங்குகிறதா என்று பின்னால் வந்த தொமிகோவுக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு கினுயோ வாளைத் தொடவில்லை. செவ்வாயும் வெள்ளியும் கடைக்குப் பின்சுவரில் சத்தம் தொடங்கியதும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்பாள். யார் குரல் நன்றாக இருக்கிறது, யாருடையது தொண்டையிலேயே நின்றுவிட்டது என்று அங்கிருந்தபடியே சொல்வாள். வடை வாங்க வருகிறவர்களுக்கு உவாஜிமாக் கதை இலவசம். இந்தப் பிப்ரவரியில் அவள் காலமாகும்வரை அது இலவசமாகவே கிடைத்தது. சொல்லச் சொல்ல நினோமியா உயர்ந்துகொண்டே போனாள், வாள் முனை ஊசியானது, மணிக்கட்டு அடி மின்னலானது. மாச்சியின் மகள் ஒருமுறை, "பாட்டி, நீ கத்தினதா மாத்திச் சொல்லேன், கதை இன்னும் நல்லா இருக்கும்" என்றாள்.

"அத மட்டும் மாத்தக் கூடாது" என்றாள் கினுயோ. "நான் கத்தியிருந்தா கொடி ஏறியிருக்கும். கொடி ஏறியிருந்தா அந்தம்மா எதுக்கு எங்கிட்ட வரப்போகுது?"

இசாமு உள்ளே மீன் பிசைந்துகொண்டிருந்தார். "சரி" என்றார்.