பக்கத்து வீட்டுத் தண்ணீர்

ஊரில் அவளுக்குக் கடப்பாரை என்று பெயர். பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம். மணல் ஏற்றி வரும் லாரிக்காரர் ஒருவர் கேலியாக வைத்த பெயர் இது. வேறொருத்தியாக இருந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள். இவள் அடுத்த வாரமே தன் வண்டியின் பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டாள்: 'கடப்பாரை. வேலி, தோட்ட வேலைகள்.' லாரிக்காரர் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

அவளுக்குத் தன் வேலை மேல் அப்படி ஒரு நம்பிக்கை. கம்பம் நட்டால் அசையாது, செடி வைத்தால் பிழைக்கும், அளவு சொன்னால் சொன்னதுதான். எல்லைத் தகராறு உள்ள வீடுகள்தான் அவளைத் தேடி அதிகம் வரும். இரண்டு பக்கத்தாரும் முறைத்துக்கொண்டு நிற்க, நடுவில் கயிற்றைக் கட்டிவிட்டு, "இது உங்க இடம், அது அவங்க இடம். ரெண்டு பேரும் போய்ச் சாப்பிடுங்க" என்பாள். போய்விடுவார்கள். அவள் குரல் அப்படி. வேலை முடிந்ததும் வேலியின் இரண்டு முனையிலும் ஒரு கற்றாழை வைப்பாள். குறுக்கு வழியில் புகுந்து செடியை மிதிக்கிற மனிதர்களுக்கும் காலைத் தூக்குகிற நாய்களுக்கும் அது போதும். ஊரில் எந்தத் தோட்டத்திலாவது இரண்டு முனையிலும் கற்றாழை நின்றால் அது அவள் கை பட்ட தோட்டம் என்று அர்த்தம்.

உதவிக்கு அவள் கணவர். பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்கார்ந்து சமையலில் நொட்டை சொல்லிக்கொண்டிருந்தவரை அவள்தான் இழுத்து வந்தாள். ஆள் வந்தாரே தவிர பழைய பழக்கம் போகவில்லை. கம்பம் நேராக நின்றால் "ரைட், போலாம்!" என்பார். கொஞ்சம் சாய்ந்தால் "ஹோல்டான்!" தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், அவளுக்கு மானம் போகும். ஆனால் அவர் கண் தப்பாது என்பதால் பொறுத்துக்கொண்டாள்.

அவளுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. எந்த வேலையை எடுத்தாலும், மண்ணில் கை வைக்கும் முன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்பாள். வண்டியில் பெரிய கேன் நிறையத் தண்ணீர் இருக்கும். இருந்தாலும் கேட்பாள். டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, நின்றபடியே, சுவரின் மறுபக்கத்தின் மேல் ஒரு நோட்டம் விட்டுவிடுவாள். எங்கே விரிசல், எந்தப் பக்கம் சாக்கடை போகிறது, சுவர்மேல் எதைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் ஒரு டம்ளர் தண்ணீரில் தெரிந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் மனம் இளகிவிடும். தண்ணீர் கொடுத்த ஆளிடமே பிறகு சண்டைக்கு வர யாருக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

அந்த வழக்கத்தை அவள் மீறியது ஒரே ஒரு வேலையில். இங்கே சொல்ல வந்தது அதைத்தான்.

பல் டாக்டரம்மா வீட்டு வேலை அது. பின்பக்கம், எல்லையில், அடுத்த வீட்டுச் சுவர் பாசி பிடித்துக் கன்னங்கரேலென்று நின்றது. அடுத்த வீட்டாருக்குச் சொந்தமான சுவர், அதில் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது. ஆகவே தன் நிலத்தில் சுவரோரமாக ஒரு கம்பி வேலி போட்டு, கொடியைப் படரவிட்டு, கீழே வரிசையாகச் செடி வைத்து அந்தக் கறுப்பையே மறைத்துவிட வேண்டும் என்பது டாக்டரம்மாவின் ஆசை.

"மூங்கில் வெச்சிட்டா சீக்கிரம் மறைச்சிடும் இல்லையா?" என்று கேட்டார்.

"மறைக்காதும்மா, கவுத்திடும். வேர் உள்ளே போய் அஸ்திவாரத்தையே நெம்பும். கொடி போதும். பல்லை நீங்க பாருங்க, மண்ணை நான் பாத்துக்கறேன்."

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சம்மதித்தார். அடுத்த வீட்டில் இருப்பது யார் என்று அவர் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அது அவளுடைய கூடப்பிறந்த அக்கா வீடு.

அக்காவும் தங்கையும் பேசிப் பல வருஷம் ஆகிறது. அலுவலக வேலையை உதறிவிட்டு அவள் கடப்பாரையைக் கையில் எடுத்த புதிது. சொந்தக்காரர்கள் கூடியிருந்த ஓரிடத்தில் யாரோ, "தங்கச்சி இப்ப என்ன பண்றா?" என்று கேட்டார்கள். "அதை ஏன் கேக்கறீங்க, குழி தோண்டிக்கிட்டு இருக்கா" என்றாள் அக்கா. கூட்டம் கொல்லென்று சிரித்தது. தங்கை எழுந்தாள். "இனிமே உன் வீட்டுப் பச்சைத் தண்ணிகூட என் பல்லுல படாது" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவள் நட்ட கம்பமே அசையாதபோது அவள் அசைவாளா? அக்காவும் லேசுப்பட்டவள் இல்லை. கடைத்தெருவில் எதிரெதிரே வந்தால் ஒருத்தி கடைப் பலகையைப் படிப்பாள், இன்னொருத்தி மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பாள். இரண்டு பேருக்கும் உள்ளுக்குள் வலித்தது. அதை இருவரும் யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆக, இந்த வேலையை அவள் எடுத்ததே வீம்புக்குத்தான். உன் சுவருக்குப் பக்கத்திலேயே நின்று குழி தோண்டுகிறேன், சத்தம் உன் காதில் விழட்டும் என்று.

முதல் நாள் காலை வண்டியிலிருந்து சாமான்களை இறக்கிக்கொண்டே கணவர் கேட்டார். "தண்ணி குடிக்கப் போகலையா?"

"தாகமில்லை."

"நீ என்னிக்குத் தாகத்துக்குக் குடிச்சிருக்கே? அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு பாத்துட்டு..."

"எனக்குத் தெரியாத வீடா? சுவத்தோரம் வெறும் சிமெண்ட் தரை. அதுல துணி காயப்போடுவா. நீங்க கயித்தைப் பிடிங்க."

எல்லாம் தனக்குத் தெரியும் என்பதுதான் அவளுடைய பலம். அன்றைக்கு அதுவே வினையாகிவிட்டது.

சுவரிலிருந்து ஒரு துடைப்பம் தாராளமாகப் புகுந்து வரும் அளவு தள்ளிக் கயிறு கட்டினாள். அந்த இடைவெளி இருந்தால்தான் விழுகிற இலையைக் கூட்டி எடுக்கலாம், சுவருக்கும் காற்றுப் படும். கயிற்றின் ஓரமாகவே செடிகளுக்கு நீளப் பள்ளம் எடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் முக்கால்வாசி முடிந்தது. மறுபக்கத்தில் குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அக்கா துணி துவைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் கணவர் பள்ளத்தில் இறங்கி, சரிந்த மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் மேலே நின்று, கயிற்றுக்கும் சுவருக்கும் நடுவில் துடைப்பத்தை விட்டுக் கூட்டிக்கொண்டு வந்தாள். சுவரின் நடுப்பகுதிக்கு வந்ததும் துடைப்பம் சிக்கிக்கொண்டது.

"கயித்தை யாரு கட்டினது? கோணலாக் கட்டியிருக்கீங்க."

"கட்டினது நீ. நான் சும்மா பிடிச்சேன்."

அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கயிற்றின் வழியே பார்த்தார். கயிறு கட்டிய முளைகளைப் பார்த்தார். மறுபடியும் கயிற்றைப் பார்த்தார். "ஹோல்டான்" என்றார், வழக்கமான கத்தல் இல்லாமல். "கயிறு சரியாத்தாம்மா இருக்கு. சுவர்தான் நம்ம பக்கம் வந்திருக்கு."

அவள் சுவரில் கையை வைத்தாள். சில்லென்று ஈரம். அடியில் செங்கல் இடுக்கிலிருந்து சேற்றுத் தண்ணீர் கசிந்து, பள்ளத்துக்குள் அவர் காலடியில் இறங்கிக்கொண்டிருந்தது. குனிந்து அவர் கையைப் பிடித்து ஒரே இழுவையாக மேலே இழுத்தாள்.

"செருப்பு ஒண்ணு உள்ள..."

"போகட்டும், வாங்க!"

மறுபக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்காமல், வீம்புக்காக, கட்டியவரையே கொண்டுபோய் அந்தச் சுவரின் காலடியில் நிறுத்தியிருக்கிறாள். அந்த நினைப்பே அவளுக்குத் தாங்கவில்லை. டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, யாரும் பின்பக்கம் வரக் கூடாது, நாயையும் உள்ளே கட்டுங்கள் என்று சொன்னாள். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் மறுபடியும் தண்ணீர் விழும் சத்தம். துணி துவைக்கிற சத்தம் இல்லை அது. மண்ணில் விழுகிற சத்தம்.

எட்ட நின்று குரலை உயர்த்தினாள். அக்காவிடம் பேசவில்லை, சுவரிடம் பேசினாள்.

"சுவரே! உன் முதுகுல யாரோ மண்ணைக் கொட்டித் தண்ணி ஊத்தறாங்க. உடனே நிறுத்தச் சொல்லு!"

தண்ணீர்ச் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது, அதுவும் சுவருக்குத்தான்.

"சுவரே! அவங்கவங்க வீட்டுச் செடிக்கு அவங்கவங்க தண்ணி ஊத்தறாங்க. இதுல மத்தவங்களுக்கு என்ன வந்துச்சாம்?"

"சுவரே! நீ விழப்போறே. சொன்னாப் புரிஞ்சுக்கோ!"

"சுவரே! நேத்து வரைக்கும் நல்லாத்தானே நின்னே? யாரு வந்து உன் காலை நோண்டினாங்க?"

கடப்பாரைக்குச் சுருக்கென்றது. பொய் என்றால் திருப்பி அடித்திருப்பாள். உண்மையை என்ன செய்வது?

"நீங்க ரெண்டு பேரும் பேசி முடிக்கிற வரைக்கும் அது காத்துக்கிட்டு நிக்காதும்மா" என்றார் கணவர், ஒற்றைச் செருப்போடு.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தெருவைச் சுற்றிப் போனாள். அக்கா வீட்டு வாசலில் கால் ஒரு கணம் நின்றுவிட்டது. இத்தனை வருஷத்து வைராக்கியம் அந்தப் படியில் குறுக்கே படுத்துக் கிடந்தது. அவள் அதைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனாள்.

வெறும் சிமெண்ட் தரையாக இருந்த இடத்தில், சுவரை அணைத்தபடி இடுப்பளவுக்கு மண் மேடு. முன்னால் செங்கல் அடுக்கி, பின்வரிசையில் உயரமாகச் செம்பருத்தி, முன்வரிசையில் குட்டைச் செடிகள். இரண்டு முனையிலும் ஒவ்வொரு கற்றாழை.

அவள் அப்படியே நின்றுவிட்டாள். அந்த மூலையில் மனிதர் நடக்கவும் வழியில்லை, நாய் வரவும் வழியில்லை. அங்கே கற்றாழைக்கு வேலையே கிடையாது. தங்கை வேலி போட்ட வீடுகளின் முன்னால் போய் நின்று பார்த்துப் பார்த்து, ஏன் எதற்கு என்று கேட்க ஆள் இல்லாமல், கண்ணில் பட்டதை அப்படியே வைத்திருக்கிறாள் அக்கா.

அக்கா கையில் குழாயுடன் நின்றாள். "சுவரே, யாரோ கேக்காம உள்ளே வந்து..." என்று ஆரம்பித்தவள், தங்கையின் பார்வை போன பக்கம் பார்த்தாள். மண்ணுக்கும் சுவருக்கும் நடுவில் கை நுழையும் அளவு வெடிப்பு விட்டு, ஊற்றிய தண்ணீரெல்லாம் அதற்குள் ஓடிக்கொண்டிருந்தது. குழாயைக் கீழே போட்டாள்.

தங்கை செடிகளை வேர்மண்ணோடு தூக்கி ஓரத்தில் வைத்துக்கொண்டே மண்ணைத் தள்ளினாள். அவ்வளவு அவசரத்திலும் ஒரு செடியைக்கூட வீணாக்கவில்லை. அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வேறு கருவி எதுவும் கிடைக்காமல், வெறும் கையால் வாரிக் கூடையில் போட்டாள். கணவர் ஓடிவந்து, "குடுங்க அண்ணி" என்று கூடையை வாங்கிக்கொண்டார். பாரம் முழுவதும் இறங்கிய பிறகு கடப்பாரை டாக்டரம்மா பக்கம் போய், பள்ளத்தை மூடி, மண்ணை இடித்துக் கெட்டிப்படுத்தி, சுவருக்குக் கம்பங்களை முட்டுக் கொடுத்தாள். தூக்குக் குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தாள்.

"தொப்பை போட்டது போட்டதுதான். கொத்தனாரை விட்டு நடுவுல பிரிச்சுக் கட்டிக்கட்டும். அதுவரைக்கும் நிக்கும்" என்றாள். அவள் சொன்னால் நிற்கும்.

"ரைட்!" என்றார் கணவர். அந்த வார்த்தையைக் கேட்டு அவளுக்கு அவ்வளவு நிம்மதி வந்தது அதுதான் முதல் தடவை.

மண்வெட்டியை எடுக்க அவளும் கணவரும் அக்கா வீட்டுக்குத் திரும்பி வந்தபோது, அக்கா தட்டில் டம்ளர்களோடு வெளியே வந்தாள். ஒன்றைத் தங்கை கணவரிடம் கொடுத்தாள். இன்னொன்றைத் தங்கைக்கு எதிரே படியில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"சுவரே, இது பச்சைத் தண்ணி இல்லை. எலுமிச்சை பிழிஞ்சு சர்க்கரை போட்டிருக்கு. யாரு சபதத்துக்கும் பங்கம் வராது."

அக்கா கெட்டிக்காரி, அதைச் சொல்லியாக வேண்டும். குடித்துவிட்டால் போதும், சொன்ன சொல்லும் நிற்கும், தலை நிமிர்ந்து வீட்டுக்கும் போகலாம். கணவர் டம்ளர் விளிம்புக்கு மேலாகக் கண்ணாலேயே கெஞ்சினார்.

கடப்பாரை அந்த டம்ளரை ஒரு விரலால் தள்ளி வைத்தாள். அக்காவின் முகம் விழுந்துவிட்டது. டம்ளரை எடுக்கக் குனிந்தாள்.

"எனக்குத் தண்ணி குடு" என்றாள் தங்கை. சுவரைப் பார்த்து இல்லை, அக்காவின் முகத்தைப் பார்த்து. "வெறும் தண்ணி. வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டுல வாங்கிக் குடிக்கிறது என் வழக்கம். நேத்தே வந்து கேட்டிருக்கணும். கேக்காதது என் தப்புக்கா."

அக்கா உள்ளே போய் ஒரு செம்பு நிறையக் கொண்டு வந்து நீட்டினாள். தங்கை அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தாள். தண்ணீர் கழுத்தில் வழிந்து ரவிக்கையை நனைத்தது.

"மெல்லக் குடிடி, புரையேறப் போகுது."

அந்த 'டி'யைக் கேட்டு எத்தனை வருஷம்! புரையேறியே விட்டது. கண் கலங்கி, மூச்சு முட்டி, குனிந்து இருமினாள். அக்கா ஓடிவந்து அவள் உச்சந்தலையில் தட்டினாள். தட்டிய கை முழுக்க மண், நகக்கண்ணிலெல்லாம் மண். கடப்பாரை நிமிரவில்லை. இருமல் நின்ற பிறகும் இருமிக்கொண்டே இருந்தாள்.