என் வரைபடத்தில் இல்லாத தெரு

காலை ஆறே முக்காலுக்கு நீடாமங்கலத்தில் ரயிலை விட்டு இறங்கினேன். பையில் அஞ்சலை என்ற விவசாயக் கூலிப் பெண்ணின் கடிதம். "உங்க கம்ப்யூட்டர் படத்துல எங்க தெரு இல்லையாம். இடிக்கப் போறாங்க. நேர்ல வந்து பாருங்க."

பழைய கிராம வரைபடங்களைக் கணினியில் ஏற்றும் ஆராய்ச்சியில் பதினோரு ஆண்டுகள் இருந்தவள் நான். முனைவர் பட்டமும் பேராசிரியர் வேலையும் அதில்தான் கிடைத்தன. அந்தப் படங்களையே வருவாய்த்துறையும் வாங்கிப் பயன்படுத்தியது. வரைந்த ஊர் ஒன்றுக்கும் நேரில் போனதில்லை.

டவுன் பஸ்ஸில் ஒன்பது கிலோமீட்டர். டிக்கெட் இரண்டரை ரூபாய். இருபுறமும் கதிர் முற்றிக் கிடந்தது, அறுக்க ஆளில்லை. "கூலி கூட்டிக் கேட்டு வேலைய நிறுத்திட்டாங்க," என்றார் கண்டக்டர். "அப்பறந்தான் மிராசுதாரு மனு போட்டாரு, தெருவே வாய்க்கால் புறம்போக்குன்னு."

எட்டு மணிக்கு அஞ்சலை பாலத்தருகே நின்றிருந்தார்.

"நீங்கதான் படம் போட்டவங்களா?"

"ஆமாம்."

"வாங்க. எண்ணிப் பாருங்க."

முப்பத்தொரு வீடுகள். வாய்க்கால் நாற்பதடி தள்ளி ஓடியது. ஒவ்வொரு கதவிலும் நோட்டீஸ். அதோடு என் வரைபடத்தின் நகல்.

பத்தரை மணிக்கு இருவரும் தாலுகா அலுவலகம் போனோம். சமத்துவம் பேசும் ஆட்சி. சுவரில் தலைவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு நாற்காலி போட்டார்கள், அஞ்சலைக்குப் போடவில்லை. நானும் நின்றேன். பழைய அசல் வரைபடத்தைக் கேட்டு வாங்கி விரித்தேன். அந்த வீடுகள் சின்னச் சின்னக் கட்டங்களாக அதில் இருந்தன. சிறிய குறிகளையெல்லாம் கறை என்று அழித்துவிடக் கணினிக்குக் கட்டளை எழுதியவள் நானே. மிராசுதார் வீடு பெரிய கட்டம், அது தப்பித்திருந்தது.

தாசில்தார் அசலைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுங்க மேடம்."

"பண்ணினது நான். எழுதித் தரேன்."

"உங்க வேலைக்கே ஆபத்துங்க."

"பேப்பர் குடுங்க."

கோபத்தில் எழுதிய முதல் தாளைக் கிழித்துவிட்டு இரண்டாவதில் எழுதினேன். அதன் நகலிலும் முத்திரை வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தேன். மறு நில அளவை முடியும்வரை இடிப்பதில்லை என்றார்கள். நோட்டீஸை ரத்து செய்யவில்லை.

மாலை நான்கு மணிக்கு அஞ்சலை என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தார். நன்றி சொல்லவில்லை, சொல்ல வேண்டிய காரணமும் இல்லை.

"அளக்கறப்ப வருவீங்கல்ல?"

"வருவேன்."

"இந்தத் தடவ நடந்து பாத்துட்டுப் போடுங்க."

சென்னையில் நான் குடியிருக்கும் தெரு ஒரு வரைபடத்தில் விட்டுப்போனால், வரைபடத்தைத் திருத்துவார்கள். இங்கே தெருவைத் திருத்த வருகிறார்கள்.