மூணாவது சீட்டுப் பொம்பளையை எடுத்துடு

ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில நான் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன். வெளிநாட்டுக்குப் போற ஷூவைக் கடைசியா தொட்டுப் பார்த்து, போகலாமா வேணாமான்னு சொல்ற ஆளு. வீட்டுக்கு வந்தா வீடியோ கேமுக்கு விமர்சனம் எழுதுவேன். இரண்டுக்கும் இன்னா சம்பந்தம்னு கேப்பாங்க. எனக்கு இரண்டும் ஒரே வேலைதான். தப்பு எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சு அம்பு ஸ்டிக்கர் ஒட்டறது.

எனக்கு வாய் ஜாஸ்தி. அதனாலதான் நெட்ல என் பக்கத்தைக் கொஞ்சம் பேர் தேடி வந்து படிச்சாங்க. விவசாய கேம் ஒண்ணு வந்தப்போ, மூணு நாள்ல முள்ளங்கி விளையுது, கலவை ஊர்ல பயிர் வைக்கற எங்க சித்தப்பாகிட்ட இதைச் சொன்னா கம்பை எடுத்துட்டு வருவாருன்னு எழுதினேன். பேய் கேமுக்கு, இருட்டுல டார்ச்சைத் தேடற நேரத்துல சுவத்துல இருக்கற சுவிட்சைப் போட்டிருந்தா கேம் அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்னு எழுதினேன். கார் ரேஸ்ல ரோடு நல்லா இருக்கு, வண்டிச் சத்தம் நல்லா இருக்கு, ஆனா ஒரு ஸ்பீடு பிரேக்கர் கூட இல்லாத ஊரை நான் நம்ப மாட்டேன்னு எழுதினேன். பனிமலை ஏறுற ஹீரோ ஒருத்தன் வந்தான். எல்லாரும் மலையைப் பார்த்து வாயைப் பொளந்தாங்க. நான் அவன் காலைப் பார்த்தேன். பூட்ஸ்ல தையலே இல்ல, இடது காலுக்கும் வலது காலுக்கும் ஒரே அச்சு. இந்தப் பூட்ஸ் எங்க டேபிளுக்கு வந்திருந்தா மலை அடிவாரத்தோட கதை முடிஞ்சிருக்கும்னு எழுதினேன். அதுக்கு வந்த சிரிப்பைப் பார்த்து ஒரு வாரம் சந்தோஷமா இருந்தேன்.

என் வீட்டுக்காரர் இதுக்கெல்லாம் நேர் எதிர். ஆஸ்பத்திரி லேப்ல டெக்னீஷியன். எந்த கேமைக் கொடுத்தாலும் முதல்ல இருந்து கடைசி வரைக்கும் பொறுமையா ஆடுவாரு, முடிச்சதும் "நல்லாதான் இருக்கு"ம்பாரு. இவரை விமர்சனம் எழுதச் சொன்னா உலகத்துல இருக்கற எல்லா கேமும் பாஸ் ஆயிடும். ஒரு கேமுக்கு அவருக்கு ஒரு மாசம் ஆகும். எனக்கு மூணு மணி நேரம் போதும். அதுல எனக்கு ரொம்ப பெருமை.

மூணு மணி நேரம் எப்படிப் போதும்னா, கம்பெனியில கத்துக்கிட்ட வழிதான். ஒரு லாட்டுல, ஒரே தடவையில வர்ற சரக்குல, இருக்கற எல்லா ஜோடியையும் யாரும் பிரிச்சுப் பார்க்க மாட்டாங்க. மேல ஒரு பெட்டி, நடுவுல இரண்டு பெட்டி, அடியில ஒரு பெட்டின்னு எடுத்துப் பார்ப்போம். அது சரியா இருந்தா லாட் பாஸ். அதுல தப்பு இருந்தா மொத்தமும் திரும்பிப் போகும். கேமையும் நான் அப்படித்தான் பார்த்தேன். முதல்ல கொஞ்சம், நடுவுல இரண்டு இடம், கடைசியில கொஞ்சம். சண்டை கேம், ரேஸ் கேம், கிரிக்கெட் கேமுக்கெல்லாம் அது போதுமாத்தான் இருந்துச்சு. போதும்னு நானா முடிவு பண்ணிக்கிட்டேன்.

பேட்டர்ன் ரூம்ல எனக்கு ஒரு தோழி. கம்ப்யூட்டர்ல ஷூவோட ஒவ்வொரு துண்டையும் வரைஞ்சு, வெட்டறதுக்கு அளவு போட்டுக் கொடுக்கறவ. கம்பெனி பஸ்ல நான் வேலூர்ல ஏறுவேன், அவ பள்ளிகொண்டாவுல ஏறுவா. எட்டு வருஷமா என் பக்கத்துலதான் உட்கார்றா. என்னை "தோஸ்த்"ன்னு கூப்பிடுவா. நான் எழுதறதை எல்லாம் பஸ்ல சத்தமா படிச்சுச் சிரிப்பா.

போன வருஷம் ஒரு திங்கக்கிழமை பென் டிரைவ் ஒண்ணை என் கையில வச்சா.

"மூணு வருஷமா ஒரு கேம் பண்ணிட்டிருக்கேன். வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போய் பண்ணது. வர்ற ஞாயித்துக்கிழமை வெளிய போடலாம்னு இருக்கேன்"னா.

மூணு வருஷமா என் பக்கத்துல உட்கார்ந்துட்டு ஒரு வார்த்தை சொல்லலை. எனக்குக் கொஞ்சம் கோபம், நிறைய பிரமிப்பு.

"நீ பார்த்துட்டுச் சொல்லு. நீ சொல்ற மாதிரி செய்யறேன். நீ வேணாம்னா போடலை. ஆனா எனக்காகன்னு பொய் சொல்லாத. செக் பண்றதுக்கு வசதியா கேம்ல வர்ற எல்லா நாளையும் திறந்து வச்சிருக்கேன்"னா. சிரிச்சிட்டேதான் சொன்னா, ஆனா பென் டிரைவை நான் பையில போடற வரைக்கும் அதையே பார்த்துட்டிருந்தா.

கேம் இதுதான். ஒரு பொண்ணு புதுசா கம்பெனியில வேலைக்குச் சேர்றா. நாற்பது நாள். தினமும் பஸ் ஏறணும், எங்க உட்கார்றதுன்னு பார்க்கணும், யார்கிட்ட இன்னா பேசறதுன்னு பார்க்கணும். கம்பெனி கேட்டுல இறங்கினா நாள் முடிஞ்சுது. துப்பாக்கி இல்ல, ஓட்டம் இல்ல, மார்க் இல்ல. நான் வழக்கம் போல ஆறு நாளைத் திறந்து பார்த்தேன். ஒண்ணு, எட்டு, பதினாறு, இருபத்தி நாலு, முப்பத்திரண்டு, நாற்பது. ஆறு நாளும் அதே பஸ், அதே ரோடு. மூணாவது சீட்டுல ஒரு பொம்பளை. பக்கத்து இடத்துல பையை வச்சுட்டு ஜன்னலைப் பார்த்துட்டு இருக்கா. வணக்கம் சொன்னா திரும்பல. நான் ஏறின அஞ்சு நாளும் திரும்பல. நாற்பதாவது நாள்ல பஸ் நம்மை விட்டுட்டுக் கிளம்பிடுது, நாம ரோட்டுல நிக்கறோம், அவ்வளவுதான் கேம்.

வியாழக்கிழமை ஒரு தாள்ல எழுதிக் கொடுத்தேன். கலர் நல்லா இருக்கு. பஸ் சத்தம் அப்படியே நம்ம பஸ். ஆனா தினமும் ஒரே மாதிரி இருக்கு, முடிவு சப்புன்னு இருக்கு. மூணாவது சீட்டுப் பொம்பளை எதுக்குன்னே புரியலை, அவளால ஒரு பிரயோஜனமும் இல்ல, எடுத்துடு. அவளை எடுத்துட்டு அந்த இடத்துல பேசற மாதிரி ஒரு ஆளைப் போட்டா ஓரளவு தேறும். கீழே கம்பெனி பாஷையிலயே "ரீவொர்க்"னு எழுதிக் கோடு போட்டேன்.

சாப்பாட்டு ஹால்ல நின்னுட்டே படிச்சா. மடிச்சு வச்சுக்கிட்டா. "சரி"ன்னா. எனக்காக எடுத்து வச்சிருந்த வறுத்த மீனை என் டப்பாவுல போட்டா. உண்மையைச் சொல்லிட்டோம்னு எனக்கு மனசு நிறைவாத்தான் இருந்துச்சு. அதை இப்ப நினைச்சா எனக்கே என் மேல எரிச்சலா வருது.

சனிக்கிழமை அரை நாள் வேலை. மதியம் துணி துவைச்சிட்டு இருந்தேன். வீட்டுக்காரர் இரண்டு நாளா என் லேப்டாப்ல அந்த கேமை அவர் பாணியில முதல் நாள்ல இருந்து ஆடிட்டிருந்தாரு. திடீர்னு கூப்பிட்டாரு.

"இங்க வா. இது நீதானே?"

"எது?"

"மூணாவது சீட்டு."

கையைத் துடைச்சிட்டு வந்து பார்த்தேன். இருபத்திரண்டாவது நாள். அந்தப் பொம்பளை பையைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு இருந்தா. முகத்தைத் திருப்பாமலே சொல்றா: "உட்காரணும்னா உட்காரு. பேசணும்னு அவசியம் இல்ல."

அது என் வார்த்தை. எட்டு வருஷத்துக்கு முன்னாடி பஸ்ல தோழிகிட்ட நான் சொன்னது. கோபமா இருந்தா வீட்டுக்காரர்கிட்டயும் இதையேதான் சொல்லுவேன். நிஜத்துல என் சீட்டு அஞ்சாவது வரிசை. நான் சட்டுனு கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு தோழி மூணாவதுல உட்கார வச்சிருந்தா.

"நான் பார்க்கும்போது இவ திரும்பவே இல்லையே"ன்னேன்.

"நீ நடுவுல திறந்து பார்த்திருப்ப. நடுவுல போனா, நீ அதுவரைக்கும் யார்கிட்டயும் பேசாத ஆளுன்னு கேம் எடுத்துக்குது. தினமும் அவளுக்கு வணக்கம் சொல்லணும். அவ பதில் சொல்லாட்டியும் சொல்லணும். நான் இருபத்தோரு நாள் சொன்னேன்"னாரு. அவர் அப்படித்தான், பதில் வராட்டியும் சொல்லிட்டே இருப்பாரு.

அவரை எழுந்திருக்கச் சொல்லிட்டு நான் உட்கார்ந்தேன். புதுசா ஆரம்பிச்சு முதல் நாள்ல இருந்து ஆடினேன். துணி பக்கெட்டுலயே கிடந்துச்சு. ஏறுறேன், வணக்கம் சொல்றேன், அவ ஜன்னலைப் பார்க்கறா. மறுநாள் ஏறுறேன், சொல்றேன், அவ ஜன்னலைப் பார்க்கறா. பத்தாவது நாள்ல எனக்கே அவ மேல கோபம் வந்துடுச்சு. இன்னா பொம்பளை இவ, வாயில இன்னா கொழுக்கட்டையான்னு சத்தமாவே திட்டினேன். வீட்டுக்காரர் பேப்பர் படிக்கற மாதிரி முகத்தை மறைச்சுக்கிட்டாரு. நான் என்னை அப்படி நினைச்சதே இல்ல. நான் எல்லார்கிட்டயும் கலகலன்னு பேசறவ, ஊரே சொல்லும்.

இருபத்திரண்டாவது நாள் பையை எடுத்தா. முப்பதாவது நாள் ஆரஞ்சுப் பழத்தை உரிச்சு, கேக்காமலே பாதியை நீட்டினா. நாற்பதாவது நாள் அந்தப் பொண்ணு லேட். பஸ் கிளம்புது. நான் அன்னிக்கு ஆடினப்போ அப்படியே போயிடுச்சே, அதே பஸ். இந்தத் தடவை மூணாவது சீட்டுல இருந்து அவ எழுந்து நின்னா. "வண்டியை நிறுத்துங்கண்ணா, என் ஆளு வரணும்"னா.

நான் அப்படிச் சொன்னதா எனக்கு ஞாபகமே இல்ல. எந்த வருஷம், எந்த டிரைவர், ஒண்ணும் தெரியலை. தோழிக்கு ஞாபகம் இருக்கு. நான் லேப்டாப் முன்னாடி உட்கார்ந்து அழுதேன். அப்புறம்தான் உறைச்சுது, எடுத்துடுன்னு எழுதிக் கொடுத்திருக்கேன். நாளைக்கு அவ அதை வெளிய போடப் போறா. ஃபோன் பண்ணேன், எடுக்கலை.

ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் வீட்டுக்காரர் ஸ்கூட்டர்ல பள்ளிகொண்டா போனோம். அவர் டீக்கடையில நின்னுக்கிட்டாரு, நான் மட்டும் போனேன். வாசல்ல அவ மீன் கழுவிட்டிருந்தா.

"இன்னா தோஸ்த், இந்த நேரத்துல?"

"போட்டுட்டியா?"

"சாயங்காலம் போடலாம்னு இருக்கேன். நேத்து நாள் பூரா உட்கார்ந்து அவளை எடுத்தேன். ஃபோனை அணைச்சு வச்சுட்டேன். பேஜார் பிடிச்ச வேலை, எல்லா நாள்லயும் இருக்கால்ல. எடுத்துட்டேன். இப்ப அந்த சீட்டுல ஜோக்கு சொல்ற ஒரு பையன் இருக்கான்"னா.

"நான் முழுசா ஆடாம எழுதினேன்"னு சொன்னேன். எப்படிச் சொல்றதுன்னு வழியெல்லாம் யோசிச்சு வச்சது எதுவும் வாயில வரலை. "ஆறு நாள் பார்த்தேன். பெட்டி பிரிக்கற மாதிரி. நேத்துதான் முழுசா ஆடினேன்."

அவ மீனை ஒவ்வொண்ணா கழுவித் தட்டுல வச்சா.

"மூணு வருஷம் பண்ணேன். நீ ஆறு நாள் பார்த்த"ன்னா கடைசியா. "எல்லாரோட கேமையும் இப்படித்தான் எழுதினியா?"

"ஆமா."

"படிச்சுட்டுச் சிரிச்சேனே நான்."

தலையைக் குனிஞ்சு நின்னேன்.

"எடுத்துடுன்னு எழுதினதுக்கு ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லியிருக்கலாமே. அது நீதான்டின்னு சொல்லியிருக்கலாமே"ன்னு கேட்டேன்.

"இன்ஸ்பெக்‌ஷன்ல திருப்பி அனுப்பினா பேட்டர்ன் ரூம்ல இருந்து என்னைக்காவது யாராவது வந்து சண்டை போட்டிருக்கோமா? திருத்தி அனுப்புவோம். அதுவும் இல்லாம, இது நீதான்னு சொல்லிக் காட்டினா அது இன்னா கேமு. நீயா பார்க்கணும்னு நினைச்சேன்"னா. கோபம் போகலை, ஆனா கையைக் கழுவிட்டு உள்ள கூப்பிட்டா.

பழசு அழிஞ்சு போயிருக்குமோன்னு பயந்து லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போயிருந்தேன். அவ அதைப் பார்த்துச் சிரிச்சிட்டா. எந்தப் பேட்டர்னையாவது நாங்க கிழிச்சுப் போட்டிருக்கோமான்னா. பழைய கேம் அவகிட்ட பத்திரமா இருந்துச்சு. ஜோக்கு சொல்ற பையனை ஒரு அமுக்குல வெளிய அனுப்பினா. மூணாவது சீட்டுல பொம்பளை ஜன்னலைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தா. எனக்கு அப்பதான் மூச்சு வந்துச்சு.

"இப்ப சொல்லு. முழுசா ஆடினவளா சொல்லு. பொய் சொல்லாம"ன்னு என் எதிர்ல சம்மணம் போட்டு உட்கார்ந்தா.

நல்லா இருக்குன்னு சொன்னேன். அழுதேன்னு சொன்னேன். அப்புறம் வாய் சும்மா இருக்குமா. "ஒரே ஒரு குறை. அவ பையை எடுக்க இருபத்திரண்டு நாள் ரொம்ப ஜாஸ்தி. ஆடறவங்க பாதியில விட்டுட்டுப் போயிடுவாங்க. பத்து நாளா கம்மி பண்ணு"ன்னேன். விமர்சனம் எழுதறவளா, மனசாரத்தான் சொன்னேன். இப்பவும் அது சரின்னுதான் நினைக்கறேன்.

என் முகத்தை நேராப் பார்த்தா. எட்டு வருஷத்துல முதல் தடவையா நான் திருப்பி அனுப்பினதை வாங்க மாட்டேன்னு சொன்னா.

"ஏற்கனவே கம்மி பண்ணித்தான் வச்சிருக்கேன். நிஜத்துல நீ நாலு மாசம் எடுத்துக்கிட்ட."

சொல்லிட்டு, என் பதிலுக்குக் காத்திருக்காம, கேமை வெளிய போட்டா.