பச்சைத் தீ காட்டிய நாள்

சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். சில வருடங்களுக்கு முன் அறிவியல் தினத்துக்கு எங்கள் தலைமையாசிரியர் வெளியூரிலிருந்து ஒருவரை வரவழைத்தார். பள்ளி பள்ளியாகப் போய் அறிவியல் வித்தை காட்டுகிறவர். கறுப்புக் கோட்டு, கன்னத்தை ஒட்டி மைக். முதலில் ஒரு குடுவையிலிருந்து நுரையைப் பொங்க வைத்தார். என் வகுப்பில் தூங்கி வழிகிற பையன்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். எனக்குக்கூடக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

அடுத்து, சட்டென்று தீப்பிடிக்கும் மெத்தனால் பாட்டிலை எடுத்தார். பிள்ளைகள் மேசையை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அவரிடம் போய், பாட்டிலைத் தூர வைத்துவிட்டுப் பற்றவையுங்கள் என்றேன். எத்தனையோ பள்ளிகளில் செய்ததுதான் மேடம் என்று சிரித்தார். தலைமையாசிரியர் நாற்காலியிலிருந்தே என்னை உட்காரச் சொல்லிச் சைகை காட்டினார். முன்வரிசையையாவது பின்னால் நகர்த்தினேன். கதவைச் சாத்தி இருட்டாக்கியதும் எல்லாரும் பழையபடி முன்னால் வந்துவிட்டார்கள்.

உப்புகள் போட்ட கிண்ணங்களில் மெத்தனாலை ஊற்றிப் பற்றவைத்தார். சிவப்பும் பச்சையுமாகத் தீ எழுந்தது. அழகாகத்தான் இருந்தது. ஏன் பச்சை, ஏன் சிவப்பு என்று அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. தீ தணிந்ததும் யாரோ கதவைத் திறந்தார்கள். பிள்ளைகள் இன்னொரு தடவை என்று கத்தினார்கள். மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து அவர் கிண்ணத்தில் பாட்டிலோடு சாய்த்து ஊற்றினார். நான் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் பாட்டில் வாயிலிருந்து தீ முன்வரிசைக்குப் பாய்ந்தது.

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் துப்பட்டாவில் தீ பிடித்துக்கொண்டது. அவள் ஓடினாள். துரத்திப் பிடித்து, தரையில் விரித்திருந்த ஜமக்காளத்தில் சுருட்டினேன். குழாயடியில் அவள் கையைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு நின்றபோது, அவள் அழாமல் என்னையே பார்த்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அவள் அம்மா வேலையிலிருந்து அப்படியே வந்தார். கல்பாக்கம் குடியிருப்பில் வீட்டு வேலை செய்பவர். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்து, தணிந்த குரலில் கேட்டார்.

"அது இன்னா பாடம் டீச்சர்? பரிச்சைக்கு வருமா?"

வராது என்றேன்.

அந்தப் பெண்ணின் கழுத்திலும் இடது கையிலும் தழும்பு நின்றுவிட்டது. பள்ளியில் இனி நெருப்பே கூடாது என்று உத்தரவு போட்டார்கள். பாதுகாப்பாகச் செய்ய வழி இருக்கிறது, உப்பைக் கம்பியில் தொட்டுச் சின்னச் சுடரில் காட்டினாலே போதும், பிள்ளைகளுக்கும் புரியும் என்று தலைமையாசிரியரிடம் இரண்டு மூன்று தடவை பேசிப் பார்த்தேன். எனக்கு மட்டும் ஆசை இல்லையா டீச்சர், ஆனால் யார் பொறுப்பேற்பது என்றார். நான் ஏற்கிறேன் என்றேன். உங்களால் ஏற்க முடியாது என்றார். அது உண்மைதான். இப்போது சுடர் சோதனையைக் கரும்பலகையில் கலர் சாக்பீஸால் வரைந்து காட்டுகிறேன்.

அந்தப் பெண் பத்தாவதில் அறிவியலில் நல்ல மதிப்பெண் எடுத்தாள். பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையன்று முழுக்கைச் சட்டையோடு என் மேசைக்கு வந்தாள். அறிவியல் பிரிவுக்கான விண்ணப்பத்தை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"லேப் இல்லாத குரூப்பு எது டீச்சர்?" என்றாள்.

வணிகவியல் வரிசை எங்கே நிற்கிறது என்று கை காட்டினேன்.