பக்கத்து சீட்டில் பலாப்பழம்

இன்று கொல்லிமலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில், சொட்டு மருந்து விடக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். ஃபைப்ரோமயால்ஜியா வந்ததிலிருந்து உடம்பு வலியோடு கண்ணும் வறண்டு சிவக்கிறது.

"ஏனுங்க, மெட்ராஸ் ஐ வந்திருக்குதுங்களா?" என்றார் பக்கத்தில் இருந்த அம்மா, பஸ்ஸுக்கே கேட்கும்படி.

"இல்லீங்க, இது ஒட்டாதுங்க. உடம்பு வலி நோயால வர்றது."

"உடம்பு வலிச்சா கண்ணு செவக்குமாக்கும்!"

எழுந்து, பின்சீட்டில் நெருக்கியடித்து உட்காரக் கிளம்பினார். மடியில் இருந்த பலாப்பழத்தை மட்டும் தன் இடத்தில் வைத்தார்.

"உருளாமப் பார்த்துக்க கண்ணு."

வளைவுக்கு வளைவு அதை வலிக்கிற கையால் பிடித்துக்கொண்டு வந்தேன். நின்றுகொண்டிருந்தவர்கள்கூடப் பக்கத்தில் உட்காரவில்லை.

என் பேச்சை நம்பாதவர் பழத்தை மட்டும் எப்படி என்னை நம்பி விட்டுப்போனார்?

அவர் பயந்தது என் கண்ணுக்கா, இல்லை, பழத்துக்கு சீட்டுப் பிடித்தாரா? நீங்களே சொல்லுங்கள்.